ஜமீலா வீட்டு டெலிபோனில் ஒரு இன்டர்வியூ

சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் மகனுடைய வேலை ஒரு டெலிபோன் ரிசீவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் எங்கள் வீட்டு ரிசீவர் இல்லை... பக்கத்து வீட்டு ஜமீலாவுடையது.

இதை மடியில் தாளை வைத்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்கட்டும்.

என் மகன் செழியன் பெங்களூரில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினீயராக இருந்தவன். என்ன இன்ஜினீயர் என்று கேட்டால் எனக்கே ரொம்ப நாள் சொல்லத் தெரியாது. பேங்க் கணக்கு ப்ரோகிராமா? இல்லை. டிக்கெட் புக்கிங்கா? அதுவும் இல்லை. ஒருமுறை தீபாவளிக்கு வந்தவனை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"அதோ டைம் கீப்பர் உக்காந்திருக்காருல்லம்மா... எந்த பஸ் எங்க நிக்கணும், எது முதல்ல கிளம்பணும், ரெண்டு வண்டி ஒரே இடத்துக்கு மல்லுக்கு நின்னா யாரு ஒதுங்கணும், எல்லாம் அவருதான். யாராச்சும் அவரைப் பாக்கவா ஸ்டாண்டுக்கு வர்றாங்க? மெஷினுக்குள்ள அந்த வேலை என்னோடது. சிஸ்டம்ஸ் சாஃப்ட்வேர்னு பேரு. நான் ஒழுங்கா செஞ்சா, நான் ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாத வேலை. சரி, அது போனாலாவது யாருக்கும் தெரியாமல் போகுமா? அமெரிக்காவில் தலைமை ஆபீஸ் ஆட்டம் கண்டது, பெங்களூர் கிளையை மூடினார்கள். இவன் இரண்டு சூட்கேஸோடு ஸ்டாண்டில் இறங்கி வீடு வந்து சேருவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆறு மாதமாக மாடி அறைதான் அவன் ஆபீஸ். ஒரு பழைய கம்ப்யூட்டர், தலையணை கனத்தில் புத்தகங்கள், பாதி சாத்திய கதவு. உள்ளே சத்தமே இருக்காது. நான் பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்டதும் ஒரு பையன் பேசாமல் நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் — பதில் தெரியவில்லை.

அதனால் படியேறிப் போய்க் கேட்பேன்.

"ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"இல்லம்மா."

"டீ போடட்டா?"

"வேணாம்மா."

"யாருக்காச்சும் போன் பண்ணிப் பாரேன்."

புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படியேறுவேன்.

இந்த நிலைமையில் அரியலூரிலிருந்து என் நாத்தனார் பேசினாள். அங்கே ஒரு சிமென்ட் ஏஜென்சியில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். "வர்ற திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்க அண்ணி. தெனம் பஸ்ல போயிட்டு வந்துரலாம். வூட்டுச் சாப்பாடு."

செழியனிடம் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சரிம்மா" என்றான்.

அந்த 'சரிம்மா'தான் எனக்குப் பிடிக்கவில்லை. பில் போடும் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் ஏழு வருடம் மெஷினின் அடிவயிற்றில் பழகியவன் ஒரு தடவை அதைக் கைவிட்டால்... திரும்ப யார் கூப்பிடுவார்கள்?

கூப்பிட்டார்கள். புதன்கிழமை ஈமெயில் வந்தது. பெங்களூரில் வேறொரு கம்பெனி, இவன் வேலை எதுவோ அதே வேலை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெலிபோனில் இன்டர்வியூ.

அதே புதன்கிழமை மழை பெய்து எங்கள் டெலிபோன் செத்தது. அவனிடம் இருந்த செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கே ஏறினாலும் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டவில்லை.

"எங்க வூட்டுல வந்து பேசட்டுமே டீச்சர், அதுக்கென்ன" என்றாள் ஜமீலா.

ஜமீலா பிறந்த ஊர் லப்பைக்குடிகாடு. கணவர் துபாயில். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு, அதனால் வெள்ளிக்கிழமை காலையில்தான் கூப்பிடுவார். வாரம் முழுக்க அந்த வீடு காத்திருப்பது அதற்காக. டெலிபோனுக்கு வெல்வெட் உறை, தனி ஸ்டூல், பக்கத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது.

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரர் பேசுவாரே?" என்றேன்.

"அவங்க என்கிட்ட என்னத்தப் புதுசா பேசப்போறாங்க? நான் சொல்லிக்கிறேன். தம்பிக்கு வேலை கெடைக்கட்டும், துஆ செய்றேன்."

அவள் வீட்டு போனுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும், இங்கிருந்து போகாது. அதனால் சொன்னபடி ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய், இந்த வாரம் காலையில் கூப்பிட வேண்டாம் என்று துபாய்க்குத் தகவல் சொல்லிவிட்டு வந்தாள். செழியன் பிரவுசிங் சென்டருக்குப் போய், அவள் வீட்டு நம்பரை பெங்களூருக்கு ஈமெயிலில் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை. அந்த நாற்காலியில் செழியன், வாசல் பக்கம் நான், சமையலறைக் கதவருகே ஜமீலா. சரியாக மணி அடித்தது. முதலில் எல்லாம் நன்றாகவே போனது. மடமடவென்று இங்கிலீஷில் பதில் சொன்னான். எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு ஒரு கேள்வி. கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வைக்கிற ஒரு பெட்டியாம் அது. கூட்டமில்லாத நேரத்தில் ஒழுங்காக ஓடும். அழைப்புகள் குவிந்தால் தானாக அணைந்து, தானாகத் திரும்பக் கிளம்பும். எந்தத் தப்பும் பதிவாகவில்லை. ஏன்? — இதுதான் கேள்வி என்று எங்களுக்குப் பிறகு சொன்னான். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பேசவில்லை என்பதுதான். தரையைப் பார்த்தான். கண்ணை மூடினான்.

எனக்குள் இருந்த டீச்சர் முடிவு கட்டிவிட்டாள்... பையனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அரியலூர்.

ஜமீலாவுக்கு வேறு பயம். கடல் தாண்டி, நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடும் போனில் யாராவது சும்மா இருப்பார்களா? ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்க வேண்டும். அங்கே பேச்சு நின்றால் லைன் போய்விட்டது என்றுதான் அந்த வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். லைன் போனால் என்ன செய்வது என்பதும் அவளுக்குக் கைப்பழக்கம்.

"லைன் நின்னுபோச்சு போல, தம்பி பாவம்" என்று முணுமுணுத்தபடி வந்தவள், நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள், டெலிபோனில் ரிசீவரை வைக்கிற கட்டையை டக், டக்கென்று இரண்டு அமுக்கு அமுக்கினாள்.

இப்போது நிஜமாகவே லைன் போய்விட்டது.

செழியன் ரிசீவரைப் பார்த்தான். பிறகு ஜமீலாவைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ்... பேசிக்கிட்டா இருந்தீங்க?" என்றாள்.

"யோசிச்சிட்டிருந்தேங்க்கா."

அப்போது மணி அடித்தது. மூன்று பேரும் பாய்ந்தோம். ஜமீலா கைக்குத்தான் சிக்கியது. பெங்களூர் இல்லை, துபாய். காலையில் கூப்பிடாதே என்று பெண்டாட்டி சொன்னால் எந்தக் கணவருக்குத் தூக்கம் வரும்?

"ஒண்ணும் ஆவல, எல்லாரும் நல்லாருக்கோம். டீச்சர் மவனுக்குப் பரீட்சை... ஆமா, முப்பது வயசுலதான். என் வூட்டுலதான். வைங்க சொல்றேன்."

வைத்தாள். உடனே மறுபடி மணி. இந்தத் தடவை பெங்களூர்.

என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். செழியன் மழுப்பவில்லை. நான் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தேன், லைன் செத்துவிட்டது என்று நினைத்து இந்த வீட்டுக்காரம்மா தட்டிவிட்டார் என்றான். அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு சொன்னான்: "உங்கள் பெட்டியிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்."

பெட்டிக்குள் காவலுக்கு ஒரு டைமர் இருக்குமாம். பெட்டி அடிக்கடி 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால், செத்துவிட்டது என்று டைமர் தட்டி எழுப்பும். கூட்ட நேரத்தில் பெட்டி சாகவில்லை, வேலையில் மூழ்கியிருக்கிறது. டைமரை நிறுத்தினால் நிஜமாகச் செத்தாலும் தெரியாது. அதனால் நீளமான வேலையைத் துண்டு போட்டு, நடுநடுவே குரல் கொடுக்க வைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஜமீலா தட்டினதுலதான் பதில் கெடைச்சுதா?"

"தட்டறதுக்கு முன்னாடியே பாதி வந்துடுச்சும்மா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தான் தட்டினதாலதான்னு ஊரெல்லாம் சொல்லப்போறாங்க, சொல்லட்டும்."

வேலை கிடைத்துவிட்டதா? இன்னும் இல்லை. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை அவன் ஏறப்போவது அரியலூர் பஸ் இல்லை. ஆத்தூர், சேலம் வழியாக பெங்களூர்.

யோசித்துப் பார்த்தால், ஜமீலா ஒரே ஒரு நாள்தான் தட்டினாள். நான்? ஆறு மாதமாகப் படியேறித் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அவ்வப்போது மாடியிலிருந்து "இருக்கேம்மா" என்று குரல் வரும். வந்தால் நான் படியேறக்கூடாது. இதுவரை பரவாயில்லை... முதல் இரண்டு படியோடு திரும்பிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் துபாயிலிருந்து ஆற அமரப் போன் வந்தது. சுவரைத் தாண்டி ஜமீலாவின் குரல் கேட்டது:

"என்ன, பேச்சையே காணோம்? யோசிக்கிறேன்னாச்சும் சொல்லுங்க... இல்லாட்டி தட்டிப்புடுவேன்."