நோட்டீஸ்காரர் மணி அடிக்காத நாள்

அந்தக் குடியிருப்பில் அவரை நோட்டீஸ்காரர் என்றால்தான் தெரியும். வீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட ஒரு நொடி யோசிப்பார். வேலை, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் ஸ்டோர்கீப்பர். இருபத்திரண்டு வருடமாகக் குழாய்க்கும் வால்வுக்கும் வாஷருக்கும் அவர்தான் காவல். எங்கேயாவது குழாய் வெடித்துத் தெருவெல்லாம் வெள்ளமாக ஓடினாலும், படிவத்தில் இரண்டு கையெழுத்து இல்லாமல் அவரிடமிருந்து ஒரு வாஷரைக்கூடப் பெயர்த்துவிட முடியாது. பிளம்பர் நின்ற இடத்தில் குதிப்பார். இவர் அசைய மாட்டார். "தண்ணிய நாளைக்கும் புடிக்கலாம். கையெழுத்த இப்பவே போடு" என்பார்.

அலுவலகத்தில் தீராத மிச்ச ஆசையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மாடியில் துணி காயப்போடுவோர் கவனத்திற்கு. லிஃப்டில் சைக்கிள் ஏற்றுவோர் கவனத்திற்கு. படிக்கட்டில் செருப்பு விடுவோர் கவனத்திற்கு. எல்லாம் அவர் கைவண்ணம். சாப்பாட்டு மேசைதான் அவருக்கு எழுத்து மேசை. ஒரு கை தட்டில் இருக்கும், இன்னொரு கை பேனாவில் இருக்கும். நடுநடுவே பேனா மூடியைத் தொலைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்குவார். மனைவி எதிரில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவர் சரியான இடைவெளியில் "ம்" கொட்டுவார். அந்த "ம்" மட்டும் இல்லாவிட்டால் சுவரோடு பேசுகிறோமா என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

மனைவிக்குப் பொது மருத்துவமனையில் விசாரணை சன்னலில் வேலை. பதினோரு வருடமாக அதே சன்னல், அதே நாற்காலி.

இப்படிக் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த மனிதரின் வயிற்றில் நெருப்பை மூட்டியது ஒரே ஓர் ஆள்தான். சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையாக உள்ளே நுழைந்தவன், முதல் மாதமே மாமியாரின் செல்போனைச் சரிபண்ணிக் கொடுத்தான். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மூத்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு மூன்று முறை குழாய் மாற்றிக் கொடுத்திருக்கிறார். குழாயை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அது ஒழுகினால்தான் ஞாபகம் வரும்.

சரி, திறமைக்காரன் என்று விட்டுவிடலாம். அவரால் தாங்க முடியாதது வேறு. சகலை வந்தால் மனைவி பேசுவாள். கலகலவென்று, கையை ஆட்டி, நடுவில் தானே சிரித்துக்கொண்டு. அவன் அதிகம் வாயைத் திறக்க மாட்டான். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பான். "அப்புறம்?" என்பான். அந்த ஒரு "அப்புறம்"தான் நோட்டீஸ்காரரின் வயிற்றெரிச்சலுக்கு மூலம். சுத்த நடிப்பு என்று மனதுக்குள் கரித்துக்கொட்டுவார். நம்மிடம் இவள் ஒரு நாளாவது இப்படிச் சிரித்துப் பேசியிருப்பாளா என்று இரவெல்லாம் புரளாவிட்டாலும், மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கட்டாயம் நினைப்பார்.

இந்த நிலைமையில்தான் ஹேக்கத்தான் வந்து சேர்ந்தது. மூன்று தெருக் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். ஒரு சனிக்கிழமை, நூலகத்தின் மாடி அரங்கில், அணி அணியாக உட்கார்ந்து, ஊருக்கு உபயோகமாக ஏதாவது ஒரு செயலியைச் செய்துகாட்ட வேண்டும். முதலிடத்துக்கு வருகிற செயலியைச் சங்கங்களே செலவு செய்து ஒரு வருடம் நடத்தும். விதிமுறைகள் எழுத வேண்டும் என்றதும் கூட்டத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. நோட்டீஸ்காரர் ஏற்கெனவே பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். விதி ஒன்று, காலை ஒன்பதுக்கு வருகை, ஒன்பது ஐந்துக்குக் கதவு மூடப்படும். விதி மூன்று, இரவு தங்க அனுமதி இல்லை. இந்த மாதிரிப் போட்டியில் விடிய விடிய விழித்திருப்பதுதான் வழக்கம் என்று யாரோ சொன்னதற்கு, "தூங்காத ஆளு செஞ்சத தூங்கி எழுந்தவன்தான் திருத்தணும்" என்று வாயை அடைத்துவிட்டார். வீட்டிலேயே செய்துகொண்டு வந்ததைக் காட்டக் கூடாது. அடுத்தவருடையதை எடுத்தால் யாருடையது என்று சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் மரியாதையாகப் பேச வேண்டும். எல்லாம் நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது விதியில்தான் கை நின்றது. "ஏற்பாட்டாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பங்கேற்கக் கூடாது" என்று எழுதியிருந்தார். சகலை மூன்றாம் தெருக்காரன். இந்த ஒரு வரி போதும், அவன் வாசலோடு நிற்பான். ஆனால் அப்படி நின்றால் என்ன சொல்வார்கள்? வந்திருந்தால் ஜெயித்திருப்பான் என்பார்கள். மாமியார் சொல்வார், மனைவியும் சொல்வாள். அவன் வராமல் இருந்து என்ன பிரயோசனம்? வர வேண்டும், நாலு பேர் பார்க்கத் தோற்க வேண்டும். "அவர்தம் குடும்பத்தினரும்" என்பதை அவரே ஸ்கேல் வைத்து அடித்தார்.

அதற்குப் பதிலாக ஆறாவது விதியைப் போட்டார். அணிக்கு நான்கு பேர், அதில் ஒருவராவது புரோகிராம் எழுதவே தெரியாதவராக இருக்க வேண்டும். பொதுமக்கள் பங்களிப்புக்காக என்று காரணமும் கொடுத்தார். சங்கத்தில் கை தட்டினார்கள். உண்மைக் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். சகலை தன் ஆபீஸ் கூட்டாளிகள் மூன்று பேரோடு வரப்போவதாக மனைவியே சொல்லியிருந்தாள். இப்போது ஒருவனைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத யாரையாவது தூக்கிச் சுமக்க வேண்டும். சுமக்கட்டும்.

பதினோராவது விதி, பேச்சு. ஒவ்வோர் அணிக்கும் ஐந்து நிமிடம். நாலாவது நிமிடம் ஒரு மணி, ஐந்தாவது நிமிடம் இரண்டு மணி. தாண்டினால் பத்து மதிப்பெண் கட். ஓட்டை விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "மணி கேட்கவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. நேரத்தைக் கவனிப்பது அணியின் பொறுப்பு." மணி அடிக்கிற பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். ஸ்டோர் கவுன்டரில் இருக்கிற மேசை மணி, தட்டினால் டிங் என்று தெரு வரை கேட்கும்.

வியாழக்கிழமை மாலை சகலை வந்தான். கையில் விதிமுறைத் தாள், அங்கங்கே பென்சில் கோடு. முகம் தொங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்.

"அண்ணா, அந்த ஆறாவது ரூல் இருக்கே, பிரமாதம்! எந்தப் போட்டியிலயும் இப்படி யோசிச்சதில்ல."

எதிரியின் பாராட்டைப் போல எரிச்சலான சாமான் உலகத்தில் இல்லை. "ம்" என்றார்.

"அக்காவ எங்க டீம்ல சேத்துக்கறேன். அக்காகிட்டயும் கேட்டுட்டேன்."

"அவளையா? அவளுக்கு என்ன தெரியும்?" என்று நோட்டீஸ்காரருக்கு வாய் முந்திக்கொண்டது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வாசல்படியில் வந்து நின்றாள். கோபம்கூட இல்லை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "ஒண்ணும் தெரியாதவங்கதானே வேணும்? நீங்க எழுதின ரூல்தானே?"

அடித்த வரியை அந்த ராத்திரியே திரும்ப எழுதிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் அச்சாகி, மூன்று தெருவிலும் ஒட்டியாகிவிட்டது. ஒட்டியதும் அவர்தான்.

சனிக்கிழமை அரங்கில் ஒன்பது அணிகள். நோட்டீஸ்காரர் காலையிலிருந்து மேசை மேசையாகச் சுற்றினார், விதி மீறல் பார்க்கிறேன் என்று பெயர். சுற்று எங்கே தொடங்கினாலும் சகலையின் மேசையில் வந்து முடிந்தது. அங்கே மூன்று ஆண்களும் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். "அப்படி இல்ல தம்பி, நீல வாசல்னு சொல்லு. நூத்திப் பன்னண்டுன்னா யாருக்குப் புரியும்?" என்று அவள் அதட்டினாள். சகலை "சரிக்கா" என்று அழித்தான். இவர் பக்கத்தில் போய் நின்றதும் நால்வரும் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவரிடம் புகார் சொல்லவும் முடியாது, மனைவி அடுத்தவனிடம் சிரிக்கக் கூடாது என்று விதி இல்லையே. எழுதாமல் விட்டோமே என்று நிஜமாகவே நினைத்தார் மனிதர்.

நாலு மணிக்குப் பேச்சு ஆரம்பம். முதல் ஆறு அணிகளை இவர் மணி அடித்தே ஒடுக்கினார். ஓர் இளைஞன் "நன்றி" என்பதில் "நன்" வரை வந்துவிட்டு உட்கார்ந்தான். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தன் கைக்கடிகாரத்தையும் மணியையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஏழாவது, சகலையின் அணி. பேச எழுந்தது மனைவி.

நோட்டீஸ்காரர் மணியைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார். இவள் எங்கே ஐந்து நிமிடத்தில் முடிக்கப்போகிறாள்? இரண்டு மணி அடிக்கும்போது சகலையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார்.

மனைவி கையில் இருந்த தாள்களைப் பிரித்தாள். அவள் படிக்கிற பக்கம் அவளைப் பார்த்திருந்தது. பின்பக்கம் இவரைப் பார்த்திருந்தது. மாடியில் துணி காயப்போடுவோர் கவனத்திற்கு. இவருடைய பழைய நோட்டீஸ். அடுத்த தாள், லிஃப்ட். பல வருடத்து மிச்சத் தாள்களின் முதுகில் அவள் என்னவோ எழுதி வைத்திருக்கிறாள்.

"எங்க சன்னலுக்கு வர்றவங்க, கேக்கணும்னு வந்தத கேக்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தாள். "சீட்ட நீட்டி, கண்ணாடி கொண்டு வரலம்மான்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அத சொல்ல வெக்கம். ரூம் நம்பர் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கால் மணி நேரம் கழிச்சு வேற பக்கமா திரும்பி வந்து, மொதல் தடவ கேக்குற மாதிரி கேப்பாங்க. ஒருத்தர் அப்படி அஞ்சு தடவ வந்தார். அவர் எக்ஸ்ரேக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரூம் பூட்டிட்டாங்க."

அவர்கள் செய்திருந்தது அதற்குத்தான். சீட்டைப் படம் எடுத்தால், போன் வாய்விட்டு வழி சொல்லும். எண் சொல்லாது. நீல வாசல் தாண்டி, தண்ணீர்க் குழாய் இருக்கிற முனையில் இடது பக்கம் என்று சொல்லும்.

"வார்டுல இருந்து வெளிய வந்து பாத்ரூம் எங்கன்னு கேக்குறவங்க வேற. அவங்க முகத்தப் பாத்தாலே தெரியும். அவங்களுக்கு வேண்டியது பாத்ரூம் இல்ல. அழ ஒரு எடம். கீழ கூட்டமா இருக்குற பக்கம் நான் அனுப்ப மாட்டேன். ரெண்டாவது மாடி, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு, யாரும் வர மாட்டாங்க. அங்க அனுப்புவேன். இதையும் இதுல போட்டிருக்கோம். அழணுமான்னு கேக்காது. வழிய மட்டும் சொல்லும்."

நோட்டீஸ்காரர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது. இவள் யார், இத்தனை வருடமாக நம் வீட்டிலேயா இருந்தாள் என்பதுதான் மனதில் ஓடியது. அதோடு கூடவே, இதெல்லாம் அந்தப் பயலுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்று வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

மனைவி தாள்களை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்கியதும் தலைமையாசிரியை நிதானமாகச் சொன்னார். "ஏழு நிமிஷம் பத்து செகண்ட்."

எல்லோரும் மணியைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விதிக்கு விலக்குக் கேட்டார். "தப்பு என்னுது மேடம். நான் மணி அடிக்கல. மார்க்க கட் பண்ணாதீங்க."

தலைமையாசிரியை தாளை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். மணி கேட்கவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. "நீங்க எழுதினதுதானே? ஓட்டையே இல்லாம எழுதியிருக்கீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

எண்பத்தாறு எழுபத்தாறு ஆனது. எண்பது வாங்கிய அணிக்கு முதல் பரிசு. அவர்கள் செய்தது, வண்டி நிறுத்த இடம் தேடித் தருகிற செயலி.

சகலை கிட்டே வந்தான். அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. "என் மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாம்ணா. அக்கா பதினோரு வருஷமா மனசுல வச்சிருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பதினான்கு வருடமாக அவர் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இனிக்கவில்லை.

மனைவியும் அவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு தெருத் தாண்டி, விதிமுறை நோட்டீஸ் ஒட்டிய கம்பத்தருகே அவள் நின்றாள்.

"வேணும்னேதானே மணி அடிக்கல?"

"சத்தியமா இல்ல."

"பின்ன என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கேட்டுட்டிருந்தேன்."

நம்புகிற முகமா அது? "என்ன கேட்டீங்க? சொல்லுங்க பாப்போம்."

சொன்னார். கண்ணாடி கொண்டு வராதவர்கள், ஐந்து தடவை வந்தவர், பூட்டிய எக்ஸ்ரே ரூம், நீல வாசல், மூன்றாவது மாடியில் அழுவதற்கு ஓர் இடம்.

"ரெண்டாவது மாடி" என்று திருத்தினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினான்கு வருடத்து எரிச்சல் ஒரு சாயங்காலத்தில் அணைந்துவிடுமா? "இதெல்லாம் அவன்கிட்ட எப்ப சொன்ன?" என்று கேட்டுவிட்டார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, அவங்க சாப்பிட வந்தப்ப. நம்ம மேசையிலதான் சொன்னேன். நீங்க எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. பேனா மூடியக் காணோம்னு சத்தம் போட்டீங்க. நான்தான் பேச்ச நிறுத்திட்டு, குனிஞ்சு தேடி எடுத்துக் குடுத்தேன்."