மூன்று முறை தப்பிய ஓங்கில்

திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் எல்லாரும் வண்டி கட்டித்தான் போவார்கள். நாங்கள் அந்த வருஷம் கடல்வழியாகப் போனோம். அது சித்தப்பாவின் யோசனை. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்தவருக்குக் கடல் என்பது கொஞ்சம் அகலமான தாமிரபரணி. "ஆத்துல நீந்துதவனைக் கடல் என்ன செய்யும், மதினி?" என்று கேட்டே அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார். முதல் மகாயுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்பு அது. எனக்கு எட்டு வயது.

ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் தோணி பிடித்தோம். தோணிக்காரரும் அவர் தம்பியும் பாயைப் பார்த்துக்கொண்டார்கள். கரை வெறும் பனைமரக் கோடாகச் சிறுத்த இடத்தில் காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது.

அப்போதுதான் ஓங்கில்கள் வந்தன. டால்பின் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். தோணிக்கு முன்னால் துள்ளி விளையாடும் என்று கேட்டிருக்கிறேன். இவை துள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, தோணியை ஒட்டி ஒதுங்கின. ஒன்றின் மூச்சு என் முகத்தில் அடித்தது.

"எதுக்கோ பயந்து வந்திருக்குதுவ. யாரும் எந்திரிக்காதீய" என்றார் தோணிக்காரர்.

தோணி கவிழ்ந்துவிடும் என்று அவர் தம்பி ஒரு கழியை ஓங்கினார்.

"அடிக்காதீய தம்பி. அண்டி வந்திருக்கு" என்றாள் அம்மா. வேற்று ஆளிடம் அவள் வாய் திறந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கழி இறங்கியது.

பிறகு ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு முதுகுத் துடுப்பு தண்ணீரைப் பிளந்து எழுந்தது. சத்தமே இல்லை. அதன் பின்னால் இன்னும் நாலைந்து. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாய் ஒரு திட்டு. அவற்றுள் ஒன்று பக்கத்தில் வந்து தலையைச் செங்குத்தாக வெளியே நீட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். என்னால் மூட முடியவில்லை. பயம் இருந்தது, அதைவிடப் பெரிதாக, சந்நிதியில் திரை விலகும்போது நெஞ்சை அடைக்குமே, அதுவும் இருந்தது.

"எங்கப்பா ஒருதரம் பாத்திருக்காரு. நான் இப்பதான் பாக்கேன்" என்று தோணிக்காரர் கைகூப்பினார்.

ஓங்கில்கள் திடீரென்று சிதறி ஓடின. ஒன்று மட்டும் பின்தங்கியது. பெரிய விலங்கு ஒன்று அதன் வாலைக் கவ்விப் பிடித்தது. பிடித்ததும் வாயைத் திறந்து விட்டுவிட்டது. பக்கத்தில் அந்தப் பெரியதின் குட்டி. வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. ஓங்கில் தப்பி ஓட, குட்டி துரத்தித் தோற்றது. பெரியது போய் அதை மடக்கிக் கொண்டுவந்து, மறுபடியும் விட்டது.

"விட்டுட்டும்மா! பெருசு விட்டுட்டு!" என்று நான் கைதட்டினேன்.

மூன்றாம் முறையும் விட்டது. பெரியது இப்போது ஒதுங்கி அசையாமல் நிற்க, குட்டி மட்டும் பாய்ந்தது. சட்டென்று அம்மா என் தலையைப் பிடித்து மடியில் அமுக்கினாள்.

"போயிட்டு ஏட்டி. தப்பிச்சுப் போயிட்டு."

காற்று திரும்ப, சாயங்காலத்துக்குள் கரை சேர்ந்தோம். பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கருணையுள்ள விலங்கைப் பற்றிச் சொன்னேன். அதை அதட்டி விரட்டியது தான்தான் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பெயர் ஓர்கா என்று பல வருஷம் கழித்து என் மகன் ஒரு புத்தகத்தில் படித்துக் காட்டினான். அது மீனில்லை, குட்டிக்குப் பால் கொடுத்து, கூடவே வைத்து வளர்க்கும். பிடித்த இரையைக் கொல்லாமல் குட்டியின் முன் விட்டு வேட்டை பழக்கும்.

அன்று முந்தானை இடுக்கில் அம்மாவின் முகம் தெரிந்தது. என் கண்ணை மறைத்தவள் தன் கண்ணைத் திருப்பவில்லை; கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பிப் போனதை எதற்கு அவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.