சும்மா விட்டால் தூங்கும் கார்டு

மூன்றாவது தடவையாக ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. தொண்ணூறுகளின் கடைசி. சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுவது என் வேலை. கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராம் அது. அடிவாரம் தாண்டினால் வயிற்றைப் புரட்டும். போதாக்குறைக்கு மழை.

கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட். ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஒரு கம்ப்யூட்டர், மேனேஜர் பங்களாவில் ஒன்று, நடுவே ஒயர், இரண்டிலும் எங்கள் கார்டு. கூலியாட்களில் யாருக்கு எந்தக் காபிக் காட்டில் வேலை என்ற பட்டியலைக் காலையிலும் மத்தியானமும் ரைட்டர் அனுப்ப வேண்டும். பாதி நாள் அது போய்ச் சேரவில்லை. ரைட்டர்தான் எதையோ நோண்டிக் கெடுக்கிறார் என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் காட்டு வேலைதான் என்று சொல்லியும் இருந்தார். ஐம்பத்தைந்து வயது மனுஷர், அந்த மலைச் சரிவில் ஏறி இறங்க முடியுமா?

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்தச் சனியன் ஒழுங்காக ஓடித் தொலைத்தது. ஒயரை மாற்றினேன், கார்டை மாற்றினேன். போன தடவை, காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது என்று அவரை அதட்டிவிட்டு இறங்கினேன்.

இந்தத் தடவை நான் போய்ச் சேர்ந்தது மத்தியானம். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வலக்கையால் களி தின்றுகொண்டே, இடக்கையால் நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு கீயை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"சும்மா உட்டா தூங்கிப் போயிருதுங்க. எழுப்புனா ஸ்கிரீன் வருது, பட்டியல் போக மாட்டேங்குது. அணைச்சுப் போட்டா சரியாயிரும். நீங்கதான் ஸ்விட்சைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டீங்களே. அதான் ஒரு வாரமா மத்தியானம் ஊட்டுக்கே போறதில்லீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருபது நிமிஷம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். திரை இருண்டு கம்ப்யூட்டர் தூங்கியது. எழுப்பினேன். கார்டு ஊமை.

ஃப்ளாப்பியிலிருந்த என் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தூங்கும்போது கார்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். எழுந்ததும் டிரைவர்தான் திரும்பச் சொல்லித்தர வேண்டும். அதற்கான ஒரு வரியை எப்போதோ சோதனைக்காக நிறுத்திவைத்து, திரும்பச் சேர்க்க மறந்திருந்தேன். நானேதான். எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வோம், அது எங்கே தூங்க!

சேர்த்தேன். மூன்று முறை தூங்க வைத்து மூன்று முறை எழுப்பினேன். பட்டியல் போனது. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, படுத்தால் போதும் என்றிருந்தது.

ரைட்டர் திரும்பி வந்தார். பின்னாலேயே மேனேஜரும் வந்து என்ன கோளாறு என்றார்.

"சின்னதுதாங்க. சரி பண்ணிட்டேன்."

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். மேனேஜர் ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"இனி இதுல கை வெச்சே, நேராக் காட்டுக்குத்தான்."

"இல்லீங்க, இனித் தொட மாட்டேனுங்க."

வெளியே வந்ததும், "நொம்ப நன்றிங்க, எம் பொழப்பக் காப்பாத்துனீங்க" என்று ரைட்டர் என் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.