பகாங்குக்குக் கடிதம், பேராக்குக்குப் போன்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மேவிஸ் எழுபத்திரண்டாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் கார்டுகளை அடுக்குவதும் போனை எடுப்பதும்தான் வேலை. நர்சு படிப்பு படிக்காதவள். ஆனாலும் லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்கள் நர்சைக் கூப்பிடுவதுபோல அவளையும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். அவளும் திருத்தியதில்லை.

தோட்டம் இருந்தது பகாங் மாநிலத்தில். மலையைவிட்டு இறங்கும் ரோடோ பேராக்கில் போய் முடிந்தது. அதனால் பெரிய வியாதி என்றால் பேராக் ஆஸ்பத்திரிக்குத்தான் வேன் போகும். அங்கே எதைக் கேட்டாலும் போனிலேயே சொல்லிவிடுவார்கள். பகாங் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு விவரம் கேட்பதென்றால் கடிதம் எழுத வேண்டும், தோட்ட மேனேஜர் துரையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், பதிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

எழுபத்தாறு நவம்பரில் கொழுந்தெடுக்கும் தங்கம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. அவள் பகாங்கில் கீழே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வேலப்பனைக் கட்டிக்கொண்டு மலையேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸர் கிளாரன்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால்தான் என்று உடனே வேனில் அனுப்பினார்.

மத்தியானம் பேராக்கிலிருந்து போன். சின்ன வயதில் ஏதோ ஊசி போட்டு முகம் வீங்கி மயங்கி விழுந்ததாகத் தங்கம்மா சொல்கிறாளாம். என்ன ஊசி என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது அவளைப் பார்த்த பகாங் ஆஸ்பத்திரியை டாக்டர் கேட்டதற்குக் கடிதம் போடச் சொல்லிவிட்டார்களாம். அறுவைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

மேவிஸ் ஆப்பரேட்டர் மூலமாக அந்தப் பகாங் ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டாள். எடுத்தவர் பைல்களைப் பார்த்துக்கொள்ளும் கிராணி செல்லையா. மலாயில் தொடங்கிய பேச்சு, பெயர்கள் தெரிந்ததும் தமிழுக்கு வந்தது.

“பைல போன்ல படிக்க முடியாதும்மா. ரூல் அப்படி.”

ஒத்துக்கொள்ளாத மருந்தைப் பைல் அட்டை மேலேயே சிவப்பு மையில் எழுதிவைப்பார்கள் என்பது மேவிஸுக்குத் தெரியும்.

“நீங்க பைல தொறக்கவே வேணாம் சார். அட்டை மேல செவப்பு மையில ஏதாச்சும் எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க.”

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நடுவில் ஆப்பரேட்டர் வந்து, மூன்று நிமிடம் முடிந்தது என்றாள். இன்னும் மூன்று கொடு என்றாள் மேவிஸ்.

“இருக்கும்மா,” என்றார் செல்லையா. “பெனிசிலின் கூடாதுன்னு போட்டிருக்கு. அட்டையப் படிக்கக் கூடாதுன்னு எந்த ரூலும் இல்ல லா.”

அதை எழுத்தெழுத்தாகப் பேராக்குக்குச் சொல்லிவிட்டுத்தான் அவள் போனை வைத்தாள். கிளாரன்ஸ் ஒரு கோப்பை மைலோ கலக்கி அவள் முன்னால் வைத்தார்.

வேறு மருந்து போட்டு அறுத்தார்கள். பத்தாம் நாள் தங்கம்மா வேனிலிருந்து தானாகவே இறங்கி நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு, தோட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் மேவிஸ் முதலில் கேட்டது ஒன்றுதான்: “முன்னாடி எந்த ஆஸ்பத்திரில பாத்தீங்க?” நோய் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே கடிதம் போட்டுவிடுவாள். செல்லையாவும் சளைக்காமல் பதில் அனுப்பினார். மூன்று வாரம் இரண்டானது, சில சமயம் ஒன்றானது.

எண்பத்து மூன்றாம் வருஷப் பள்ளி விடுமுறையில் செல்லையா மனைவி வேலம்மாவோடு மலைக்கு வந்தார். மேவிஸ் அவர்களை ஸ்ட்ராபெரி விற்கும் கியா பார்முக்கு அழைத்துப் போனாள். ஸ்ட்ராபெரி புளிக்கிறது என்று வேலம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டாள். மூன்று மணி நேரம் பேசினார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.