கழுவிய கண்ணாடித் தகடுகள்

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்தாறு. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

தென்காசி ஒரு காலத்தில் பாண்டியர்களின் தலைநகரமாக இருந்தது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்குப் பெரிய ஆத்திரம். பழைய புகைப்படங்களைத் திரட்டி, பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்து, எல்லோர் கண்ணையும் திறந்துவிடுவது என்று கிளம்பினேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களைப் படம் பிடித்துப் பிழைத்த ஒரு போட்டோக்காரர் அப்போதுதான் காலமாகியிருந்தார். அவருடைய படங்கள் எல்லாம், பிலிமுக்குப் பதிலாக, கண்ணாடித் தகடுகளில் இருந்தன. நான்கு பெட்டி நிறைய அவற்றை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். சிலதைக் கேட்டு ஆள் வரும், பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

தேடியது கிடைத்தது. நடுவில் பிளந்து நின்ற கோபுரம், கல்வெட்டுச் சுவர்கள், தேரோட்டம் என்று பதினாறு தகடுகள். அச்சும் போட்டாயிற்று. சட்டம் போடத்தான் கண்ணாடி இல்லை. யுத்தத்தினால் கடைகளில் எங்கேயும் கிடைக்கவில்லை. மீதித் தகடுகள் சும்மாதானே கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. அச்சுக்கும் அவற்றுக்கும் ஒரே அளவு.

ஒவ்வொரு தகடும் ஒரு காகித உறையில் இருந்தது. உறையின் மேல் பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கும். கோயில், கோபுரம் என்று இருந்தவற்றை முன்பே எடுத்து வைத்துவிட்டேன். மற்றவற்றைப் படிக்கக்கூட இல்லை. அந்த உறைகளையே அடுப்பில் போட்டு வெந்நீர் காய்ச்சி, சோடா உப்புக் கரைத்துத் தகடுகளை ஊறவைத்துச் சுரண்டினேன். உருவங்கள் கறுப்புப் பாசி மாதிரி கழன்று வந்தன. பளிச்சென்று இருந்த பதினாறை வைத்துக்கொண்டு, கீறல் விழுந்தவற்றைக் குப்பையில் கொட்டினேன்.

கண்காட்சியை எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். போட்டோக்காரர் வீட்டில் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போன பிறகு பிறந்த குழந்தை, பத்து மாதத்தில் காலராவில் போய்விட்டது. அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் மடியில் வைத்து ஒரு படம் பிடித்தார்கள். செத்த பிள்ளையின் படம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் ஒரே பிடிவாதம். அதனால் தகட்டைப் போட்டோக்காரரிடமே விட்டு, புருஷன் ஊர் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கழுவையில பாத்திருப்பியளே ஸார். நெத்தியும் மூக்கும் என்னைய மாதிரியே இருக்கும்னு இவ சொல்லுதா. நெசந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பார்க்கவில்லை என்றேன். அதுதான் உண்மை. ஒரு தகட்டைக்கூட நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்த சட்டங்களைப் பார்த்தாள்.

"இதுல எம் பிள்ள கண்ணாடி எது ஸார்?"

தெரியவில்லை என்றேன். குப்பைக்குப் போனவற்றில் அது இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் முதல் சட்டத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணாடியிலும் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தாள். பதினாறையும் தொட்ட பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

கண்காட்சியை அன்றே மூடிவிட்டேன். அன்றிலிருந்து எந்தப் பழைய படம் கைக்கு வந்தாலும், கோபுரத்தையும் கல்வெட்டையும் தேடுவதற்கு முன்னால், அதில் ஓரமாக நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். யாராவது வந்து கேட்டால் இந்த முறையாவது எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.