பெரியம்மா ஏறாத கப்பல்

என் மாமா பொய் சொல்வதில் கெட்டிக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் நிறையப் பொய் சொல்வார், அவ்வளவுதான். எம்பிலிப்பிட்டிய ரோட்டில் நின்றுபோன லொறியை ஒரு யானை வந்து தள்ளிவிட்டது என்பார். அடுத்த வாரம் அதே கதையில் இரண்டு யானைகள் இருக்கும். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. கொடகவெலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிப்போகும் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நாட்டில் சண்டை ஓய்ந்து, வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிச் சோதிப்பது குறைந்திருந்த காலம் அது. எனக்குப் பதினொரு வயது. ஒரு சாயங்காலம் மாமா எங்கள் லயத்து வீட்டுக்குள் ஓடிவந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"சின்னக்கா, பெரியக்கா இந்தியாவுக்கு ஏறிப் போச்சே, அந்தக் கப்பல் காலியில, துறைமுகத்துல வந்து நிக்குது! வெள்ளைக்காரங்க அத வாங்கி, பெயின்ட் அடிச்சு, நாடு நாடா கொண்டு போறாங்களாம். எல்லாரும் ஏறிப் பாக்கலாமாம். வர்ற ஞாயித்துக்கெழமை போறோம்."

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அது கருகி வாசனை வரும்வரை திருப்பிப் போடவே இல்லை.

பெரியம்மாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பதிந்திருந்த குடும்பங்களோடு பெரியப்பாவும் அவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். தாயில்லாத மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் பெரியம்மாதான். அவர் புறப்படுகிற காலையில் பத்து வயது மாமாவைக் காணவில்லை. ரப்பர் மலைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தார். அவரைத் தேடிப்போன அம்மா, கண்டுபிடித்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. பெட்டி படுக்கைகளோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு லொறி போயே போய்விட்டது. கூடப் பிறந்த அக்காவுக்குப் போய்வா என்று ஒரு வார்த்தை சொல்ல அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. இதற்காக அம்மா தம்பியை ஒரு நாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் மாமாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அம்மா தீபாவளிச் சீலையைக் கட்டியிருந்தார். பையில் கட்டுச்சோறு, குங்குமப் பொட்டலம், இரண்டு எலுமிச்சம்பழம். பழம் எதற்கு என்று கேட்டேன். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு வைக்கிறோமே, கப்பலும் வண்டிதானே என்றார். கப்பலுக்குச் சக்கரம் இல்லை என்று நான் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

மாத்தறை தாண்டியதும் பஸ் ஜன்னலில் கடல் வந்தது. அம்மா கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இவ்வளவையுமா அக்கா தாண்டிப் போச்சு?" என்று கேட்டார்.

கப்பல் கரையோடு நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. மோட்டார் படகில் ஆட்களை ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியம்மாவைக் கூப்பிட்டபடியே வந்தார். மாமாவோ கடலிலேயே பிறந்தவர்போல எழுந்து நின்று கப்பலைக் கைகாட்டி விளக்கினார். ஓர் அலை வந்து அவர் சட்டையை முழுசாக நனைத்ததும் உட்கார்ந்துவிட்டார். எனக்கானால் அந்தப் படகு கரைக்குத் திரும்பவே கூடாது என்றிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

கறுத்த உடம்பு, மஞ்சள் புகைபோக்கி, இரண்டு கொடிமரம். பழைய நீராவிக் கப்பல். படியேறி மேலே போனதும் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாமாவும் கழற்றினார். நானும் கழற்றினேன். அக்கா போன இடத்தில் செருப்புக் காலோடு நடப்பதா என்பது அம்மாவின் கணக்கு. படகுக்காரர் கீழேயிருந்து, "ஐயோ நங்கி, செரெப்பு கலவன்ன ஓனே நே!" என்று கத்தினார். கழற்ற வேண்டாம் என்று அவர் சொன்னது அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்தில் பாதிப் பேச்சு சிங்களம்தான். ஆனாலும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஏறிய ஒரு சிங்களக் குடும்பம், இதுதான் இங்கே சட்டம் என்று நினைத்து மரியாதையாகச் செருப்பைக் கழற்றியது. அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் கழற்றினார்கள். நாங்கள் திரும்பும்போது அந்த ஓரத்தில் விகாரை வாசல்போல முப்பது நாற்பது சோடி கிடந்தன. ஒரு வெள்ளைக்கார மாலுமி ஒன்றும் விளங்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா இரண்டு மூன்று அடி வைத்தார். பிறகு நின்று, குனிந்து தன் காலைப் பார்த்தார். மாமாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். நல்ல உச்சி வெயில்.

சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு நன்றாக வாசிக்கும் பிள்ளை நான்தான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். வடக்கே எங்கேயோ குளிர்கடலில் தீவுகளுக்குத் தபால் கொண்டுபோன கப்பல் அது. இலங்கைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்றும் போட்டிருந்தது.

"மாமா, இதுல..." என்று நான் வாயைத் திறந்ததும் மாமா என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஏ புள்ள, ஒனக்கு ரெண்டு ஐஸ்கிரீம். வாயத் தெறக்காத."

இரண்டு ஐஸ்கிரீமுக்கு நான் அன்று எதையும் மறைத்திருப்பேன்.

மாமா கப்பல் முழுவதும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இங்கேதான் கஞ்சி கொடுத்தார்கள், இந்த ஜன்னலில்தான் எட்டிப் பார்த்தார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். கடைசியில் பின்பக்கம் ஒரு மர பெஞ்சைக் காட்டினார்.

"இங்கதான் சின்னக்கா, பெரியக்கா ஒக்காந்திருந்துச்சு. எங்கிட்ட ஒருத்தர் சொன்னாரு."

அந்த ஒருத்தர் யார் என்று அம்மா கேட்கவில்லை. குங்குமத்தை எடுத்து பெஞ்சின் காலில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். அதன் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தார். பிறகு உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைக் கையால் தடவிக்கொண்டே, அங்கே ஆள் இருப்பதுபோலப் பேசினார்.

"அக்கா, பத்தரமா போயிட்டு வா. தம்பி கெடைச்சிட்டான். நீ அழுவாத. நான் பாத்துக்கிறேன்."

மாமா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஐஸ்கிரீம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கிடைத்தது. இரண்டையும் நானே தின்றேன்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் பேசிய சமயம், பிறப்புப் பத்திரம் தேடி அம்மாவின் தகரப்பெட்டியைக் கிளறினேன். பெரியம்மாவின் முதல் கடிதம் கிடைத்தது. அக்கரையில் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுதியது. 'கப்பல்ல கீழ எல்லாம் இரும்புத் தகடு. வெயில்ல கால் வெக்க முடியல. செருப்ப லயத்துலயே மறந்துட்டு வந்துட்டேன். பாதம் பொத்துப்போச்சு.' மடித்து மடித்து அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. காலியில் நாங்கள் ஏறிய கப்பலின் தரை மரப்பலகை. என் காலுக்கும் அது சுடவில்லை.

கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவருக்கு மனப்பாடம்.

"அப்பவே தெரியுமாம்மா?"

"செருப்பக் கழட்டினதுமே தெரிஞ்சிருச்சு."

"பின்ன ஏன் மாமாகிட்ட சொல்லல?"

"பாவம், அன்னைக்கு ஒளிஞ்சவன் இருவது வருஷமா அந்த மலைய விட்டு வெளிய வரவே இல்ல. நான் தேடிட்டுதான இருந்தேன்" என்றார் அம்மா. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

இப்படி இரண்டு பேரிடம் வளர்ந்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அன்று திரும்பிய பஸ்ஸில் மாமா அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினார். அம்மா அவர் தலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். இங்கிலீசு வாசிக்கத் தெரியாத அம்மா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று, எதிர் சீட்டில் இருந்து கொடகவெலை வரும்வரை நான் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தேன்.