கரைகாத்தாள் கதையில் அப்பா செய்த திருத்தம்

என் அம்மாவுக்குக் கதை சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையை நான் அரை மணி நேரம் சொன்னால், அதையே அப்பாவிடம் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவாள். விடியும் முன் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறி ஆவுடையார்கோவிலுக்குப் போய், தெருத்தெருவாக விற்றுவிட்டு, மதியம் திரும்பி வந்து சோறு வடிக்கிறவளுக்கு இரண்டு வரிக்கு மேல் நேரமும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள், எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை விடுமுறையில் ஒரு கதையைத் தொடங்கி நாள் கணக்கில் சொன்னாள். அதையும் தப்பும் தவறுமாகச் சொன்னாள்.

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். இரண்டே பேர் போய் நண்டு வலை விட்டு வரக்கூடிய சின்னப் படகு. அதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில் கிளம்பிப் போனவர்களைத் திடீரென்று மழைக்காற்று பிடித்துக்கொண்டது. படகு கவிழ்ந்தது. அப்பாவை அன்று சாயங்காலம் வேறு படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவிலும் சித்தி எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க மாமா?"

அப்பா பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த எல்லாரும் அவரவருக்குத் தோன்றிய பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் போய் மூத்தவர் மட்டும் எப்படி வந்தார் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நடந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எதற்கு நின்றது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். கேட்டதற்கு 'ம்' என்பார், அல்லது அதுவும் இல்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அம்மா அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், அவரைப் பேச வையுங்கள் என்றார். எப்படி என்று அம்மா கேட்டதற்கு, மெதுவாக என்றார்.

எங்கள் வீடும் சித்தியின் வீடும் ஒரே வாசலைப் பார்த்தவை. அவளுடைய அண்ணன்மார் இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை. அவர் வாயால் ஒரு பதில் கேட்காமல் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அழவும் இல்லை. இந்தப் பக்கம் ஒருத்தர் பேசாமல் படுத்திருக்க, அந்தப் பக்கம் ஒருத்தி பேசாமல் காத்திருக்க, நடுவில் அம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தது. பெரிய படகுகளெல்லாம் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு அதுதான் சம்பாதிக்கிற காலம். தெருவில் இருந்த ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போய்வந்தார்கள். யாரோ இழுத்து வந்து போட்ட எங்கள் படகு மட்டும் முன்முனை அணியம் உடைந்தபடி மணலில் கவிழ்ந்து கிடந்தது. கூட்டாளிகள் வந்து கூப்பிட்டால் அப்பா புரண்டு படுப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கேயோ போனாள். ஒரு பெரிய கூடை இறாலோடு திரும்பி வந்தாள். கம்பெனிக்கு உரித்துக் கொடுக்கும் வேலை; சாயங்காலம் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். மறுநாளிலிருந்து தினமும் மதியத்துக்கு மேல் கூடை வந்தது. ஒருத்தியால் உரிக்க முடியாத அளவு வாங்கி வந்துவிட்டு, என்னால முடியல, கொஞ்சம் வாடி என்று சித்தியைக் கூப்பிட்டாள். சித்தி வந்தாள். ஆனால் எங்கள் வாசல்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். விடுமுறையில் சும்மா இருந்த குற்றத்துக்காக என்னையும் உட்கார வைத்தார்கள்.

அப்படி மூன்று பேரும் உட்கார்ந்த முதல் நாளே அம்மா, யாரும் கேட்காமல், "ஒனக்குக் கரைகாத்தாள் கதை தெரியுமா?" என்று என்னிடம் ஆரம்பித்தாள்.

தெரியாமல் என்ன? கரைகாத்தாள் எங்கள் ஊர்க் கரையில் இருக்கிற சாமி. இரண்டு கையையும் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிற கல். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கடலுக்குப் போன இடத்தில் புயல் அடித்ததும், தாய்க்காரி கடலுக்குள் நடந்தே போய், கைக்கு ஒருவராக இரண்டு பேரையும் இழுத்து வந்துவிட்டாள். பொங்கல் வைக்கும்போது பூசாரி வருஷா வருஷம் சொல்வதுதான். அம்மா அதை எடுத்து நீட்டத் தொடங்கினாள்.

"ஆடி மாசம். அண்ணனும் தம்பியும் கட்டுமரத்துல போறாங்க. வாடைக்காத்து பேயா வீசுது."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கச்சான்."

எங்கள் மூன்று பேர் கையும் நின்றுவிட்டது. ஆடியில் மேற்கே இருந்து கச்சான்தான் வீசும், வாடை மார்கழிக்காற்று என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கோ அம்மாவை அப்பா பிடித்துவிட்டார் என்று ஒரே சந்தோஷம். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னமோ ஒரு காற்று என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். ஆனால் அவள் உரித்த இறால் தட்டில் விழாமல் மணலில் விழுந்தது.

மறுநாள் அம்மா இன்னும் மோசமாகச் சொன்னாள். அண்ணனும் தம்பியும் நண்டு வலை விட்டார்களாம். வலை நிறையப் பொடி மீனான சூடை மாட்டியதாம்.

"நண்டு வலைக் கண்ணுல சூடை நிக்குமா?" என்றார் அப்பா உள்ளேயிருந்து. அதற்கு முந்தைய மாதம் முழுக்க அவர் பேசிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வந்திருக்காது.

இப்படியே போனது. அம்மா நங்கூரத்தைத் தப்பான இடத்தில் போடுவாள், அப்பா எடுத்துச் சரியான இடத்தில் போடுவார். அம்மா நீரோட்டத்தை வடக்கே விடுவாள், அவர் தெற்கே திருப்புவார். ஒரு நாள் அவர் படுத்திருக்காமல் எழுந்து நிலைப்படிக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கதைமேல் இருந்த மரியாதை போய்விட்டது. மீன்காரி மகளாகப் பிறந்து மீன்காரருக்கு வாழ்க்கைப்பட்டும் ஒன்றும் தெரியாத அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன். சித்தி மட்டும் தலையைத் தூக்காமல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. கதையில் கட்டுமரம் உடைந்துவிட்டது. மழை கொட்டுகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். கரைகாத்தாள் இன்னும் கடலுக்குள் இறங்கவில்லை. அம்மா வழக்கத்தைவிட நிதானமாகச் சொன்னாள். கையில் இருந்த இறாலை உரிக்காமலே வைத்திருந்தாள்.

"ரொம்ப நேரம் ஆயிருச்சு. அண்ணனுக்குக் கை அசந்துபோச்சு. தம்பியோட கையை விட்டுட்டான்."

இது தப்பு, பூசாரி இப்படிச் சொல்லவில்லை என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். சித்தியின் முதுகு விறைத்துக்கொண்டது. அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். வெகு நாளுக்குப் பிறகு வெயில் அவர் மேல் பட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் விடலை," என்றார்.

அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே, "அப்ப யாரு விட்டா?" என்று கேட்டாள்.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒருத்தரைத்தான் தாங்கும் அது. ரெண்டு பேர் பிடிச்சா முங்குது. மழையில எதிர்ல இருக்கிறது தெரியல. அண்ணே, எனக்கு அங்கிட்டு ஒரு காலி கேன் மாட்டிருச்சு, நீ இதை வச்சுக்கன்னு சத்தம் போட்டான். சொல்லிட்டுக் கையை உருவிக்கிட்டான். அண்ணன் நம்பிட்டான். மழை விட்டப்புறம் பார்த்தா, கேனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கரைகாத்தாள் காலத்தில் ஏது கேன் என்று நான் கேட்டேன். என் கேள்வி நியாயமானது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சித்தி மெல்லத் திரும்பினாள். அத்தனை நாளில் முதல் தடவையாக எங்கள் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தத் தம்பி அப்படித்தான் சொல்லியிருப்பாங்க மாமா. முகம் மாறாமப் பொய் சொல்லுவாங்க. அண்ணன் என்ன, யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க."

சொல்லிவிட்டு இறால் நாற்றம் வீசும் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுதார். கதையில் வருகிற ஒரு பையனுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை, 'சொல்லியிருப்பான்' என்றுதானே வரவேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அழவில்லை. பாதிக் கூடை அப்படியே இருக்கிறது, வண்டி வந்துவிடும் என்று சொல்லி உரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா இறங்கி வந்து கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இறாலை எடுத்தார். சித்தி நகர்ந்து இடம் விட்டாள். அன்று நாலு பேர் உரித்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. அப்பா மறுநாளும் படுத்திருந்தார். ஆனால் சுவரைப் பார்த்து இல்லை. அடுத்த வாரம் படகைப் பார்க்கப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தார். அதற்கடுத்த நாள் மறுபடி போனார். ஃபைபர் ஒட்டுவதற்குச் சாமான் வாங்கி வந்து, வைகாசி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உடைந்த இடத்தை அவரே தேய்த்து ஒட்டினார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போன வாரத்தில் படகு தண்ணீருக்குள் இறங்கியது. சித்தியின் அண்ணன் ஒருவர் கூட்டாளியாக வந்தார். தள்ளுவதற்கு ஆள் போதவில்லை என்று சித்தியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தள்ளினாள். அப்பா ஏறி உட்கார்ந்து, கரையைத் திரும்பிப் பார்த்து, சாயங்காலம் வாரேன் என்றார். வந்தார்.

பிறகு சித்தி நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அப்பாதான். நான் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கதைகள் மனக்காயத்தை எப்படி ஆற்றுகின்றன என்று திருச்சியில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அம்மாவை அழைத்துப் போயிருந்தால் முதல் நாள் மதியமே எழுந்து, மீன் கெட்டுப்போய்விடும் என்று பஸ் ஏறியிருப்பாள்.

பயிற்சி முடிந்து வந்த அன்று அம்மாவிடம் கேட்டேன். கடலில் நடந்தது முன்னாலேயே தெரிந்துதான் கதையை அங்கே கொண்டுபோனீங்களா என்று. இல்லை என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்? ஒங்கப்பா கையை விடுற ஆள் இல்லேங்கிறது தெரியும். அதை வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

ஒருவேளை விட்டிருந்தால் என்று கேட்டேன். அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான் இருந்ததாகச் சொல்லிவிட்டு, இரண்டு வரி முடிந்துவிட்டதால் எழுந்து போய்விட்டாள்.

அப்பா ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அது எனக்கே ஒரு நாள் விளங்கியது. சித்திக்கு அவர் சொல்ல வேண்டியிருந்த பதில், உன் புருஷன் தானாகக் கையை உருவிக்கொண்டு போனான் என்பது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதைவிட, விட்டவன் நான்தான் என்று அவளும் ஊரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் படுத்துவிட்டார். எத்தனை வருஷமானாலும் அப்படியே கிடந்திருப்பார்.

நானும் ஊரோடு சேர்ந்துதான் நினைத்தேன். அந்த வயதில் எனக்கு, ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தப்புச் செய்தவர் என்று மட்டுமே தெரிந்திருந்தது.